பழைய ஆத்தங்குடி கல்லில் பெயர்ந்த மூலைகள்: எபாக்சி பசையில் நிறம் கலந்து அடைப்பது எப்படி?

வளவுவீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் அப்பத்தா வீடு. ஏழு வருஷமாகப் பூட்டிக் கிடந்ததை இந்தத் தை மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வருகிறோம். கூரை ஓடு மாற்றியாயிற்று, வயரிங் முடிந்தது, இப்போது தரையில் வந்து நிற்கிறோம்.

வளவு (முற்றத்தைச் சுற்றிய கூடம்) முழுக்க ஆத்தங்குடி கல், அதாவது ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் சிமென்ட் தரைக்கல். எட்டு அங்குலச் சதுரம், மெரூன் நிலத்தில் மஞ்சள் பூ, ஓரத்தில் கரும்பச்சை. உத்திரம் இறக்கும்போது சாரக் குழாய் சரிந்து விழுந்ததில் வரிசையாக மூலைகள் பெயர்ந்துவிட்டன. எண்ணிப் பார்த்தேன், 23 கல். பெயர்ந்த சில்லுகளில் பாதியைப் பொறுக்கி டப்பாவில் வைத்திருக்கிறேன். மீதி தூளாகிவிட்டது. பள்ளம் அதிகபட்சம் அரை விரல் ஆழம் இருக்கும்.

வெள்ளிக்கிழமைதோறும் அப்பத்தா இந்தத் தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். அந்தப் பளபளப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுசு போட எனக்கு மனசில்லை.

போன வாரம் உக்கிராண அறை (சாமான் அறை) ஓரத்தில் ஒரு கல்லில் சோதித்துப் பார்த்தேன். இரண்டு டியூப் எபாக்சி பசையைச் சமமாகப் பிழிந்து, பெயின்ட் கடையில் வாங்கிய சிவப்பு ஸ்டெய்னரை (பெயின்டில் கலக்கும் நிறத் திரவம்) அரை ஸ்பூன் ஊற்றிக் கலக்கி அடைத்தேன். மறுநாள் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது, ரப்பர் மாதிரி. நிறம் மெரூனுக்குப் பதில் வெளிறிய ரோஸ். அதைவிட வருத்தம், பள்ளத்தைச் சுற்றி அரை அங்குலத்துக்கு நல்ல கல்லும் எண்ணெய்க் கறை பட்டது மாதிரி கறுத்துவிட்டது.

எதைக் கலக்க வேண்டும், எவ்வளவு, பழைய கல்லின் நிறத்தை எப்படிப் பிடிப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிசின்மேசை எழுதியது:

கோளாறு ஸ்டெய்னரில். கடையில் விற்கும் அந்த ஸ்டெய்னர் தண்ணீர்ப் பெயின்டிலும் கலக்க வேண்டும் என்பதற்காக கிளைக்கால் (மெதுவாக ஆவியாகும் ஒரு திரவம்), தண்ணீர் எல்லாம் சேர்த்துச் செய்தது. சுவர்ப் பெயின்டில் அவை ஆவியாகிப் போய்விடும். எபாக்சி அப்படிக் காய்கிற பொருள் இல்லை. ஒரு டியூபில் உள்ள ரெசினும் (பிசின்) இன்னொன்றில் உள்ள ஹார்டனரும் (இறுக்கி) ஒன்றோடொன்று வினைபுரிந்து கெட்டியாகின்றன. நடுவில் சிக்கிய தண்ணீருக்கும் கிளைக்காலுக்கும் வெளியே போக வழி கிடையாது. அதனால்தான் ரப்பர்.

உலர்ந்த பொடி நிறமி மட்டும் போடுங்கள். ரெட் ஆக்சைடு, மஞ்சள் ஆக்சைடு, கறுப்பு ஆக்சைடு, வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. சிமென்ட் தரைக்குக் கலக்கும் அதே ஆக்சைடுதான், ஹார்டுவேர் கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும். ஆத்தங்குடி கல்லுக்கும் ஆக்சைடு நிறம்தான் போடுகிறார்கள் என்பதால் சாயல் பக்கத்தில் வந்துவிடும்.

நிறத்தை முதலில் ரெசினில் மட்டும் கலக்குங்கள். கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பட்டிக்கரண்டியால் தேய்த்துத் தேய்த்துக் குழைக்க வேண்டும். கட்டி இருந்தால் பின்னால் புள்ளி புள்ளியாகத் தெரியும். நிறம் பிடித்த பிறகுதான் ஹார்டனர். கடையில் கிடைக்கும் அரல்டைட் ஸ்டாண்டர்ட் எபாக்சி பசை என்றால் கொள்ளளவில் சமபாகம், எடையில் 10 பங்கு ரெசினுக்கு 8 பங்கு ஹார்டனர். நகைத் தராசு மாதிரி ஒரு குட்டித் தராசு வாங்கிவிடுங்கள், கண் அளவு வேண்டாம். 20 கிராம் ரெசினுக்கு 1 கிராம் ஆக்சைடு தாராளம். மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்ட வேண்டிய அவசியமே வராது.

பலர் தவறுவது ஒரு இடத்தில். நிறம் போட்ட ரெசினை நிறுத்து, அந்த மொத்த எடைக்கு ஹார்டனர் கணக்குப் போடுவார்கள். அப்படிச் செய்தால் ஹார்டனர் கூடிவிடும். உள்ளே இருக்கும் ரெசின் எவ்வளவோ அதற்கு மட்டும்தான் கணக்கு. ஹார்டனர் கூடினால் சீக்கிரம் இறுகும் என்ற நினைப்பும் தப்பு, மிஞ்சியது பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

கொத்தனார்மகன் எழுதியது:

தம்பி, குறுக்கே பேசுறேன்னு நினைக்காதீங்க. எங்க அப்பா நாற்பது வருஷம் இந்தக் கல்லு பதிச்சவரு. எபாக்சியே வேண்டாம்கிறது என் கருத்து.

அந்தக் காலத்துத் தரைக்கு அடியில சுண்ணாம்புக் கலவை. பூமி ஈரம் மேல ஏறி வந்து கல்லு வழியா மூச்சு விடும். நீங்க பிளாஸ்டிக்கால அடைச்சீங்கன்னா ஈரம் அந்த ஓரத்துல போய் முட்டும், உப்புப் பூக்கும், ரெண்டு மழைக்காலத்துல ஒட்டு கிளம்பி வந்துரும். வெள்ளை சிமென்ட்டுல ஆக்சைடு கலந்து அடைங்க. இல்ல, ஆத்தங்குடியிலயே அதே பூ டிசைன் அச்சு இருக்கான்னு கேட்டுப் புதுக் கல்லு போடுங்க.

பிசின்மேசை எழுதியது:

அண்ணே, ஈரம் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அரை விரல் ஆழத்துக்கு, அதுவும் ஓரத்தில் ஒன்றுமில்லாமல் சரிந்துவரும் பள்ளத்தில் வெள்ளை சிமென்ட் நிற்குமா? மெல்லிய ஓரம் முதலில் உதிரும். நடந்து நடந்து மொத்தமும் கழன்றுவிடாதா?

கொத்தனார்மகன் எழுதியது:

நிக்காதுதான். மூலையைச் சதுரமா வெட்டி எடுத்து ஆழம் பண்ணி அடைக்கணும். அது தனி வேலை, ஒத்துக்கிறேன்.

காவிக்கல் எழுதியது:

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் குழுவில் வேலை செய்கிறேன். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கொத்தனார்மகன் அண்ணன் எழுப்பிய ஈரக் கேள்விக்கு முதலில் விடை தெரிய வேண்டும்.

ஒன்றரை அடிச் சதுரமாகக் கெட்டிப் பாலித்தீன் தாள் வெட்டித் தரையில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். 16 மணி நேரமாவது விடுங்கள். எடுக்கும்போது தாளின் அடியில் நீர் கோத்திருந்தாலோ, அந்த இடத்தில் கல் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் ஒருமுறையும் பார்த்துவிடுங்கள். வளவு ஓரத்தில், தண்ணீர் விழும் முற்றத்தை ஒட்டிய கற்களைத் தனியாகச் சோதியுங்கள். அங்கே ஈரம் இருந்தால் அந்தக் கற்களில் எபாக்சி வேண்டாம். உள்பக்கம் உலர்ந்திருந்தால், பெயர்ந்த மூலை அளவுக்கு மட்டும் எபாக்சி அடைப்பதால் தரை முழுவதும் மூச்சு முட்டிவிடாது. கல்லுக்குக் கல் இடுக்கில் மட்டும் அது இறங்கவே கூடாது. இடுக்குதான் ஈரம் வெளியேறும் முக்கிய வழி.

அடுத்தது. உங்கள் முதல் பதிவில் தேங்காய் எண்ணெய் என்று ஒரு வரி இருக்கிறதே, உங்கள் வேலையில் பாதி அங்கேதான். அறுபது எழுபது வருஷம் எண்ணெய் குடித்த சிமென்ட் கல் அது. உடைந்த முகம் பார்வைக்குப் புதிதாகத் தெரிந்தாலும் மேல்பக்க மில்லிமீட்டர்களில் எண்ணெய் ஊறியிருக்கும். எண்ணெய்மேல் எபாக்சி பிடிக்காது. அசிட்டோனும் டால்கம் மாவும் குழைத்துப் பள்ளத்தில் அப்பி, மேலே பாலித்தீன் மூடி ஓரம் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளை எடுத்துவிட்டால், மாவு காயக் காய எண்ணெயைத் தன்னோடு உறிஞ்சி மேலே கொண்டுவரும். மாவு மஞ்சளாகாமல் வரும்வரை திரும்பச் செய்யுங்கள். ஒரு மூலைக்கு இரண்டு மூன்று தடவை ஆகலாம். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் கூடாது, கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

சுற்றிக் கறுத்தது பற்றி. உலர்ந்த கல்லில் பசை பட்டு ஊறினால் அந்த இடம் என்றைக்கும் நனைந்த மாதிரியே நிற்கும், பிறகு எடுப்பது மிகவும் சிரமம். பள்ளத்தின் விளிம்பு வரைக்கும் நல்ல டேப் ஒட்டி, விளிம்பை ஒட்டிப் பிளேடால் வெட்டுங்கள். டேப்புக்கு வெளியே மெழுகு பாலிஷ் ஒரு பூச்சு இருந்தால் தப்பித் தவறிச் சிந்தினாலும் பிடிக்காது. அந்த மெழுகு பள்ளத்துக்குள் போய்விடக் கூடாது.

கடைசியாக நிறம். இதில்தான் நிறையப் பேர் மனசு உடைந்துபோகிறார்கள். காய்ந்த கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறம் கலக்காதீர்கள். ஈரத்துணியால் கல்லைத் துடைத்து, அந்த ஈர நிறத்துக்குக் கலக்குங்கள். எண்ணெய் போட்டுத் துடைத்தால் கல் அந்த ஈர நிறத்துக்குத்தான் வரும், எபாக்சி எப்போதும் அந்த ஆழ்ந்த நிறத்தில்தான் நிற்கும். காய்ந்த நிறத்துக்குக் கலந்தால் ஒவ்வொரு ஒட்டும் வெளிறிய தேமலாகத் தெரியும்.

டியூப் லைட்டில் ஒத்துப்போகிற நிறம் பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகாது. கல் கிடக்கிற இடத்திலேயே உட்கார்ந்து, முற்றத்து வெளிச்சம் நன்றாக விழும் நேரத்தில் கலக்குங்கள்.

வளவுவீடு எழுதியது:

காவிக்கல் அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. தாள் சோதனை செய்தேன். உள்பக்கம் மூன்று இடம் உலர்வு. முற்றத்தை ஒட்டி ஒரு இடத்தில் தாளின் அடியில் முத்து முத்தாக நீர். அந்தப் பக்கம் நான்கு கல் பெயர்ந்திருக்கின்றன. கொத்தனார்மகன் அண்ணன் சொன்னது அந்த நான்குக்கும் அப்படியே பொருந்துகிறது.

ரெட் ஆக்சைடில் கொஞ்சம் கறுப்பு சேர்த்து நிறம் கலந்து பார்த்தேன். கெட்டியாகத்தான் இறுகியது, நன்றாக ஒட்டியும் இருக்கிறது. ஆனால் பார்த்தால் வளையல் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. கல் மாதிரி இல்லை. பச்சையும் நான் நினைத்ததைவிட மஞ்சளடித்து வந்தது. இன்னொரு சந்தேகம்: ஆக்சைடில் ஈரம் இருக்கக் கூடாது என்றால் வாணலியில் வறுத்துக்கொள்ளலாமா?

பிசின்மேசை எழுதியது:

வறுக்காதீர்கள், முக்கியமாக மஞ்சளை. மஞ்சள் ஆக்சைடு அதிகச் சூடு கண்டால் உள்ளே பிணைந்திருக்கும் நீரை விட்டுச் சிவப்பாகிவிடும். மஞ்சள் காவியைச் சுட்டால் செங்காவி ஆவது இப்படித்தான். நல்ல வெயிலில் தட்டில் பரப்பி அரை நாள் வைத்து, சூடு ஆறியதும் பாட்டிலில் அடைத்துவிடுங்கள், போதும்.

பச்சை மஞ்சளடித்ததற்குக் காரணம் பசையின் தேன் நிறம். மெரூனில் அது தெரியாது, வெள்ளையிலும் நீலத்திலும் பச்சையிலும் காட்டிக்கொடுக்கும். வெளிர் நிறங்களுக்கு நிறமில்லாமல் இறுகுகிற எபாக்சி வாங்குங்கள். ஆனால் ஐந்து நிமிட ரகம் வேண்டாம். நிறம் பார்ப்பதற்குள் கையில் இறுகிவிடும், தண்ணீர் தாங்குவதும் குறைவு. தினமும் துடைக்கிற தரைக்கு மெதுவாக இறுகுவதே நல்லது. வெயில் நேராக விழும் இடத்தில் எந்த எபாக்சியும் வருஷம் ஆக ஆக மஞ்சளாகும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காவிக்கல் எழுதியது:

பிளாஸ்டிக் தோற்றத்துக்கு மருந்து கல் மாவு. ரெசினில் வெளிச்சம் உள்ளே புகுந்து திரும்புவதால் அப்படித் தெரிகிறது. சலவைக்கல் மாவை மெல்லிய துணியில் சலித்து, ரெசின் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்கும் சேர்த்துப் பாருங்கள். உடம்பு வந்துவிடும், வழியாமலும் நிற்கும். மாவு நிறத்தைக் கொஞ்சம் வெளிற வைக்கும் என்பதால் மாவு போட்ட பிறகுதான் கடைசி நிறத் திருத்தம். வீட்டில் இருக்கும் கோலமாவைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பார்கள். சில ஊர்களில் அது குவார்ட்ஸ் கல்லை அரைத்தது. தேய்க்கும்போது வரும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். சலவைக்கல் மாவே நல்லது. எந்தத் தூசியானாலும் முகக்கவசம் கட்டிக்கொள்ளுங்கள்.

கைக்கு நைட்ரைல் உறை அவசியம். எபாக்சி திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வந்துவிடும், ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்கத் தொடரும். எங்கள் குழுவில் நல்ல கைவேலைக்காரர் ஒருவர் இதனாலேயே இந்த வேலையை விட்டுப்போனார். கையில் பட்டால் ஸ்பிரிட்டும் தின்னரும் போட்டுத் துடைக்காதீர்கள், அது பசையை இன்னும் உள்ளே கொண்டுபோகும். துணியால் வழித்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தேக்குக்கதவு எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டு பர்மா தேக்கு நிலைக்கதவில் நெடுக ஒரு விரிசல். அதற்கும் இதே முறை சரிவருமா?

பிசின்மேசை எழுதியது:

மரம் வேறு. மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். நெடுக ஓடும் விரிசலில் எபாக்சியை நிரப்பினால் அது அசையாது, மரம் பக்கத்தில் புதுசாகப் பிளக்கும். அகலமான விரிசலுக்கு அதே தேக்கில் சீவல் இழைத்துச் செருகச் சொல்லுங்கள், நல்ல ஆசாரிக்கு அரை நாள் வேலை. ஆணித் துளை, முடிச்சுக் குழி மாதிரிச் சின்ன இடத்துக்கு மட்டும் தேக்குத் தூளும் துளி கறுப்பும் கலந்த எபாக்சி. அதிலும் மரத்தைவிட ஒரு சாயல் கருமையாக வையுங்கள். கருமை முடிச்சு மாதிரி போய்விடும், வெளிறியது உறுத்தும்.

கொத்தனார்மகன் எழுதியது:

தம்பி, அந்த நாலு கல்லுக்கு அப்பாகிட்ட கேட்டேன். உக்கிராண அறையில, நெல்லு கொட்டி வைக்கிற பத்தாயம் இருந்த மூலையில கண்ணுக்குத் தெரியாத இடத்துல அதே வயசுக் கல்லு இருக்கும் பாருங்க, அதை எடுத்து வளவுல போட்டுட்டு, புதுக் கல்லை உக்கிராணத்துல போடச் சொல்றாரு. எண்பது வருஷக் கல்லுக்குப் பக்கத்துல நேத்து செஞ்ச கல்லு எந்தக் காலத்துலயும் ஒத்துப்போகாதாம். பெயர்க்கும்போது சுத்தி இடுக்கை முதல்ல அறுத்துட்டுத்தான் உளி வைக்கணும், இல்லன்னா பக்கத்துக் கல்லும் சேர்ந்து போயிரும். சுண்ணாம்புலயே பதிங்க.

வளவுவீடு எழுதியது:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அண்ணே. பத்தாயத்துக்கு அடியில் ஆறு கல் முழுசாக இருக்கின்றன. யாரும் கால் வைக்காததால் அதே மெரூன், அதே பூ.

வளவுவீடு எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

எண்ணெய் எடுப்பதற்கே ஒன்பது நாள் ஆனது. முதல் தடவை மாவு உண்மையாகவே மஞ்சள் கறையோடு வந்தது. நான்காவது தடவைதான் வெள்ளையாக வந்தது.

கையில் இருந்த சில்லுகளை முதலில் ஒட்டினேன். அவற்றுக்கு நிறம் கலந்த பசையை மிக மெல்லிதாக, உடைந்த முகத்தில் மட்டும். கோடு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. தூளாகிப்போன மூலைகளுக்குத்தான் அடைப்பு.

இடையில் இரண்டு நாள் மழை. அந்த இரண்டு நாளில் அடைத்தவற்றின்மேல் வெண்மையாக மெழுகு மாதிரி ஒரு படலம். கெட்டுவிட்டதோ என்று பயந்து காவிக்கல் அக்காவுக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். காற்றில் உள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் ஹார்டனர் சேர்வதால் வருவது, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போய்விடும் என்றார். போய்விட்டது. அதற்குப் பிறகு வெயில் நாளில் மட்டும்தான் வேலை.

பளபளப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடைத்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது ஒட்டு வெளுத்தது, பக்கத்துக் கல்லின் மெருகும் போயிற்று. இந்தக் கல்லைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வார்க்கிறார்கள், அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. ஆத்தங்குடியில் நேரில் பார்த்தபோது இதுதான் மனதில் தங்கியிருந்தது. அதனால் அடுத்த மூலையில் பசையை விளிம்புக்கு ஒரு மயிரிழை மேலாக அடைத்து, மேலே ஓஹெச்பி ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒரு பக்கத்திலிருந்து காற்று சிக்காமல் மெல்லப் படியவைத்து, அதன்மேல் கண்ணாடித் துண்டும் ஒரு செங்கலும் வைத்தேன். ஷீட்டில் எபாக்சி ஒட்டாது. நாலைந்து மணி நேரத்தில், அழிரப்பர் பதத்தில் இருக்கும்போதே ஷீட்டை உரித்து ஓரத்தில் பிதுங்கியதைப் புது பிளேடால் சீவினேன். தேய்க்கவே வேண்டியிருக்கவில்லை. பழைய கல்லின் வழவழப்பே வந்துவிட்டது. மறுநாள் முழுக்க யாரையும் மிதிக்க விடவில்லை.

19 மூலை முடிந்தன. முற்றத்து ஓரம் நான்கு கல்லும் பத்தாயத்தடியிலிருந்து வந்துவிட்டன, சுண்ணாம்பில் பதித்தோம். முன்பு ரப்பராகப் போன அந்தச் சோதனைக் கல்லைச் சூடான காற்று ஊதி இளக்கிச் சுரண்டி எடுத்துவிட்டேன். சுற்றிய கறை மட்டும் இருக்கிறது.

காவிக்கல் எழுதியது:

ஷீட்டும் கண்ணாடியும் அருமை, எங்கள் குழுவில் காட்டுகிறேன். எண்ணெய் துடைப்பை ஒரு வாரம் கழித்து ஆரம்பியுங்கள். நிறம் கலந்த அளவை எழுதி வைத்திருக்கிறீர்களா? அடுத்து மூலை பெயர்ந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு அது வேண்டும்.

வளவுவீடு எழுதியது:

எழுதி, சோதனைத் துண்டுகளோடு டப்பாவில் போட்டு உக்கிராணத்தில் வைத்திருக்கிறேன். இங்கேயும் பதிந்துவிடுகிறேன்.

மெரூன்: ரெசின் 20 கிராம், ரெட் ஆக்சைடு 0.9, கறுப்பு 0.1, மஞ்சள் 0.05, சலவைக்கல் மாவு 8 கிராம். ஹார்டனர் இல்லாமல் இதை ஒரே தடவையாகக் கலந்து மூடிவைத்துவிட்டேன், அதனால் எல்லா மூலைக்கும் ஒரே நிறம் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து நன்றாகக் கிளறி, நிறக் கலவை 2.9 கிராமுக்கு ஹார்டனர் 1.6 கிராம். இது இரண்டு மூலைக்குச் சரியாக வருகிறது. எங்கள் ஊர் வெயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் அடைத்து முடித்துவிட வேண்டும்.

மஞ்சளுக்கும் பச்சைக்கும் அளவு இன்னும் இரண்டு சோதனை பாக்கி. முடிந்ததும் எழுதுகிறேன்.